எட்டு வகை போட்டும் பூச்சி குறையவில்லை, ஏன்?

செங்குன்றத்தைத் தாண்டி முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே பயிராகப் போட்டால் பூச்சி வரும், கலந்து போடு என்று எல்லாரும் சொன்னார்கள். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பாலக், புளிச்சகீரை, மணத்தக்காளி, வெண்டை, கத்திரி என்று எட்டு வகை போட்டேன். சுற்றிலும் செண்டுமல்லியும் வைத்தேன். பூச்சி குறையவே இல்லை. இந்தக் கலப்புப் பயிர் சமாச்சாரம் உண்மையா, சும்மா பேச்சா?"

உண்மைதான். ஆனால் எட்டு என்பது நம் கணக்கு, கோயம்பேட்டுக் கணக்கு. பூச்சியின் கணக்கில் உங்கள் முக்கால் ஏக்கரில் இருப்பது மூன்றே மூன்று பயிர்.

முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை மூன்றும் கூடப்பிறந்தவை. பாலக் பீட்ரூட்டுக்குத் தங்கை, அதுவும் அதே குடும்பம்தான். காலையில் கீரைப் பாத்திக்குள் நடக்கும்போது ஒரு சின்ன அந்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு நிறம், இறக்கையில் வெள்ளைப் பட்டை. கால் பட்டதும் எழுந்து இரண்டு முழம் பறந்து அடுத்த இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் புழு பச்சையாக இருக்கும். இலைகளை நூலால் பிணைத்து உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். மேலே சொன்ன நான்கு கீரையும் அதற்குச் சாப்பாடு. முளைக்கீரையைப் பிடுங்கிக் கட்டுக் கட்டி நீங்கள் வண்டி ஏற்றிய அன்றைக்கே அந்த அந்து பக்கத்து அரைக்கீரைப் பாத்திக்குக் குடிபோய்விடுகிறது. அரைக்கீரையோ கிள்ளக் கிள்ளத் தழைப்பது, மாதக்கணக்கில் நிற்பது. அதனால் அந்துக்கு வருஷம் முழுக்க வீடு உறுதி. வாய்க்கால் ஓரத்தில் சாரணை மண்டிக் கிடந்தால் அதிலும் வளரும்.

அடுத்து, புளிச்சகீரையும் வெண்டையும் ஒரே குடும்பம். பருத்தி, செம்பருத்தி, வரப்பில் தானாக முளைக்கும் துத்தி எல்லாம் இதில் சேர்த்தி. வெண்டைக் காயைத் துளைக்கும் புள்ளிக் காய்ப்புழு இந்தக் குடும்பத்தை விட்டு வெளியே அதிகம் போவதில்லை. உள்ளேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, மணத்தக்காளியும் கத்திரியும். இரண்டையும் தின்னும் ஒரு புள்ளிவண்டு இருக்கிறது. பார்க்கப் பொறிவண்டு மாதிரியே இருப்பதால் பலர் நல்ல பூச்சி என்று விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் சுலபம். பொறிவண்டின் முதுகு மெழுகு தேய்த்த மாதிரி பளபளக்கும். இது மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். இதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு, இலையின் அடிப்பக்கத்தை ஏணிப்படி போலச் சுரண்டிவைக்கும். ஏணிப்படி தெரிந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

ஆக எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. எந்தப் பூச்சிக்கு எதிராக எந்தச் செடி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைச் சொல்வதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. 1991-ல் டேவிட் ஆண்டோ என்ற பூச்சியியலாளர் அதுவரை வெளிவந்திருந்த 209 ஆய்வுகளைத் திரட்டி, பயிர் தின்னும் 287 பூச்சியினங்களைப் பற்றிக் கணக்கெடுத்தார். கலப்புப் பயிரில் குறைந்த பூச்சிகள் 52 சதவீதம். கூடிய பூச்சிகள் 15 சதவீதம். மீதி, மாற்றமில்லை அல்லது இடத்துக்கு இடம் மாறுகிறது. இதுவரைக்கும்தான் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அவர் அடுத்து அந்தப் பூச்சிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். குறிப்பிட்ட பயிர் வகையை மட்டும் தின்னும் பூச்சிகளில் 59 சதவீதம் குறைந்தன, கூடியவை 8 சதவீதம்கூட இல்லை. கண்டதையும் தின்னும் பூச்சிகளில் 28 சதவீதம்தான் குறைந்தன, 40 சதவீதம் கூடிவிட்டன! காரணம் யோசித்தால் எளிது. ஒரே வகை சாப்பிடுகிறவனுக்குக் கலப்பு வயல் பட்டினி. எல்லாம் சாப்பிடுகிறவனுக்கு அது கல்யாணப் பந்தி.

வெள்ளை ஈ இரண்டாவது ரகம். மாவுப்பூச்சியும், வெண்டையில் கூட்டமாக மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினியும் அப்படியே. உங்கள் எட்டில் பெரும்பாலானவற்றில் வெள்ளை ஈ உட்காரும். அதனால் 'கலந்து போட்டால் வெள்ளை ஈ வராது' என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, ஒரே வகை தின்னும் பூச்சி ஏன் குறைகிறது? ரிச்சர்ட் ரூட் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் இத்தாகா என்ற ஊரில் செய்து 1973-ல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையின் ஆரம்பப் பாடம். கோஸ் இனத்து இலைக்கீரை ஒன்றைத் தனி வயலாகவும், புல்வெளிச் செடிகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாகவும் போட்டு மூன்று பருவம் எண்ணினார். தனி வயலில் பூச்சிகள் குவிந்தன, முக்கியமாக இலையில் சல்லடை போடும் தத்துவண்டு. அவர் முன்வைத்த விளக்கம் இரண்டு. சாப்பாடு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அதையே தின்னும் பூச்சி சுலபமாகக் கண்டுபிடிக்கும், வந்தால் போகாது, அங்கேயே பெருகும். இது ஒன்று. பலவகைச் செடி இருக்கும் இடத்தில் பூச்சியைத் தின்னும் பூச்சிக்கு நிழல், பூந்தேன், மாற்று இரை எல்லாம் கிடைப்பதால் அவை நிலைத்து நின்று வேலை செய்யும். இது இன்னொன்று. அவருடைய வயலில் முதல் காரணமே பெரிதாகத் தெரிந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, பூச்சி எப்படித் தன் செடியைக் கண்டுபிடிக்கிறது என்பது. பக்கத்துச் செடியின் வாசனை பயிரின் வாசனையை மறைத்துவிடும் என்றுதான் நாம் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். பூண்டு போடு, புதினா போடு என்பதெல்லாம் அந்த நம்பிக்கைதான். இங்கிலாந்தில் வெல்ஸ்போர்னில் ஸ்டான் ஃபிஞ்ச், ரோஸ்மேரி காலியர் இருவரும் கோஸ் வேரைத் தின்னும் ஈயை வைத்து இதைச் சோதித்தார்கள். வாசனையே இல்லாத பச்சைக் காகிதத்தைச் செடிகளைச் சுற்றி வைத்தபோதும் முட்டை குறைந்தது. வாசனைச் செடி வேண்டியிருக்கவில்லை, பச்சை நிறமே போதுமாக இருந்தது.

அவர்கள் 2000-ல் தந்த விளக்கத்தைக் காசிமேட்டை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். மீன் வாசனை பிடித்துக்கொண்டே ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர் என்று காசிமேட்டில் ஒருவரை இறக்கிவிட்டால் என்ன செய்வார்? வாசனை 'இந்த ஏரியாதான்' என்று சொல்லும், எந்தக் கதவு என்று சொல்லாது. கதவு கதவாகத் தட்டித்தான் பார்க்க வேண்டும். ஈயும் அதைத்தான் செய்கிறது. வாசனை வந்ததும் இறங்கத் தயாராகிறது. இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது கண். பச்சையாக எது இருந்தாலும் இறங்கிவிடும், மண்ணில் இறங்காது. இறங்கியபின் காலால் இலையை ருசி பார்க்கும். சரியான இலை என்றால் குட்டியாக ஒரு சுற்றுப் பறந்து மறுபடி இறங்கிப் பார்க்கும். இப்படித் தொடர்ந்து சில தடவை சரியான இலை கிடைத்தால்தான் முட்டையிடும். நடுவில் தப்பான பச்சையில் இறங்கிவிட்டால் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து. இரண்டு மூன்று தடவை ஏமாந்தால் வேறு இடம் பார்க்கப் போய்விடும். வெறும் மண்ணில் கோஸ் மட்டும் நின்றால் எங்கே இறங்கினாலும் அது கோஸ்தான். தப்ப வழியே இல்லை.

இதைப் படித்தபின் வெண்டை வயலைப் பார்த்தால் கண் வேறு மாதிரி பார்க்கும். முளைத்து மூன்று நான்கு வாரம் வரை வெண்டை எப்படி நிற்கிறது? சுத்தமாகக் களை எடுத்த செம்மண்ணில், முழத்துக்கு ஒன்றாக, பச்சைப் பொட்டு வைத்த மாதிரி. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் மண்ணின் நிறத்துக்கு எதிரே தெரியும் பச்சைதான் இறங்குவதற்கு அடையாளம். நாம் விளக்குப் போட்டுக் காட்டுகிறோம். மஞ்சள் நரம்புத் தேமல் நோயை வெள்ளை ஈ கொண்டுவந்து ஏற்றுவதில் மோசமான காலமும் இந்த இளம் பருவம்தான். பின்னால் வந்தால் சில காய் போகும், முன்னால் வந்தால் செடியே போகும்.

அதனால் வெண்டை வரிசைகளுக்கு நடுவில் அந்த முதல் மாதம் மண் தெரியக்கூடாது. நம் பக்கத்துப் பழைய ஆட்கள் வெண்டைக்கு நடுவில் முளைக்கீரை தெளித்து, இருபது இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கி விற்றுவிட்டு, அப்புறம் வெண்டைக்கு மண் அணைப்பார்கள். காசுக்காகச் செய்த வேலை. அது மண்ணை மூடியதும் சேர்ந்தே நடந்தது. கீரையில் அந்தப் பட்டை அந்து தொல்லை இருக்கும்வரை அதற்குப் பதில் கொத்தமல்லியோ வெந்தயக்கீரையோ தெளியுங்கள். இரண்டும் உங்கள் மூன்று குடும்பத்திலும் சேராதவை, இரண்டுக்கும் விலை உண்டு. இதனால் வெள்ளை ஈ ஒழிந்துவிடாது. வந்து இறங்குவது குறையும், தேமல் பத்து நாள் தள்ளி வந்தாலே மகசூலில் தெரியும்.

இனி பூச்சியைத் தின்னும் பூச்சிகளுக்கு வருவோம். இதைச் சொல்லும்போது எல்லாரும் பூச்செடி வை என்பார்கள். நீங்களும் செண்டுமல்லி வைத்தீர்கள். செண்டுமல்லி மோசமான செடி இல்லை. ஆனால் அதற்கென்று சில வேலைகள் உண்டு. பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தக்காளிக்கு ஒரு முறை சொன்னது: 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நேரத்தில் நட வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லி மொட்டில் முட்டையிடப் போகும். பொறிப்பயிர் என்பது இதுதான். வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் செண்டுமல்லி நல்லது. உங்கள் வயலில் தக்காளியும் இல்லை, அந்தக் காய்ப்புழு தொல்லை என்றும் நீங்கள் சொல்லவில்லை. வெள்ளை ஈக்கும் கீரை அந்துக்கும் அது காவல் நிற்காது. இன்னொன்று, பொறிப்பயிரில் விழுந்த புழுவை எடுத்து அழிக்க வேண்டும். அப்படியே விட்டால் அது பொறி இல்லை, பண்ணை. மாலைக்குப் பூ வெட்டுகிறவர்கள் பூவோடு புழுவையும் கொண்டுபோய்விடுவதால் அவர்களுக்கு இந்த வேலை பாதி தானாக நடக்கிறது.

ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் அடுக்குச் செண்டுமல்லி அதிகம் பயன்படாது. நான் சொல்லும் குளவி கொட்டும் குளவி இல்லை. அரிசி முனையைவிடச் சின்னது. பூச்சியின் முட்டைக்குள்ளோ புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைக்கும். அதன் வாய் மிகச் சின்னது, குழாய் போன்ற பூவின் அடியில் இருக்கும் தேன் எட்டாது. தட்டையாகத் திறந்து கிடக்கும் பூதான் வேண்டும். கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை மாதிரி குடை விரித்த பூ. ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பூத்த கொத்தமல்லி முன்னால் குந்தி உட்கார்ந்து கால் மணி நேரம் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் குடைப்பூவில் கறுப்புப் புள்ளிகள் நடப்பது தெரியும். மேலே காற்றில் அசையாமல் நிற்கும் மஞ்சள் கோடு போட்ட ஈ ஒன்று வரும். அதன் புழுதான் அசுவினிக் கூட்டத்துக்குள் அட்டை மாதிரி ஊர்ந்து ஒவ்வொன்றாக உறிஞ்சிப் போடுவது. அந்த ஈக்கு மகரந்தம் வேண்டும். கொத்தமல்லியை நாம் பூக்கவே விடுவதில்லை, தழையிலேயே பிடுங்கிவிடுகிறோம். பத்தில் ஒரு பாத்தியைப் பூக்க விடுங்கள். நம்மூர் வெயிலில் கோடையில் விதைத்தால் தழைவதற்கு முன்பே பூத்துவிடும். கீரைக்காரருக்கு நஷ்டம், குளவிக்கு லாபம்.

ஆனால் உங்கள் நிலத்துக்கு நான் முதலில் வைக்கச் சொல்வது பூச்செடி இல்லை, காராமணி. காராமணியில் ஒரு கறுப்பு அசுவினி வரும். பயறு, வேர்க்கடலை, அகத்தி வகையில் வாழ்வது அது. உங்கள் வெண்டையிலும் கத்திரியிலும் உட்காருவது வேறு அசுவினி. ஆக காராமணியில் கறுப்பு அசுவினி மொய்த்தால் பயப்பட வேண்டாம், அது பொறிவண்டுக்கு நீங்கள் ஏற்றும் அடுப்பு. பத்துப் பதினைந்து நாளில் பொறிவண்டு வந்து முட்டையிட்டு, புழு பெருத்து, பக்கத்து வெண்டைக்கும் போகத் தொடங்கும். அப்போது காராமணியில் சில அசுவினிகள் உப்பிப்போய்த் தவிட்டு நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். முதுகில் ஊசியால் குத்திய மாதிரி வட்ட ஓட்டை இருந்தால், குளவி ஒன்று உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்த்த வாரத்தில் மருந்து அடிக்காதீர்கள். ரொம்பப் பேர் சரியாக இந்த வாரத்தில்தான் 'காராமணியில் பேன் மொய்க்குது' என்று டப்பாவைத் திறக்கிறார்கள்.

கிட்டத்தட்ட இதே வேலையை நம் ஊர்ப் புறம்போக்கில் எருக்கு இலவசமாகச் செய்கிறது. எருக்கங்கொழுந்தில் மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாக அசுவினி அப்பியிருக்கும். வெண்டை அதற்கு உணவல்ல. எருக்கின் நஞ்சு அதன் உடம்பில் ஏறியிருப்பதால் பொறிவண்டுக்கு அது முதல்தரச் சாப்பாடும் அல்ல. ஆனால் வேறு எதுவும் கிடைக்காத மே மாதத்தில் பொறிவண்டை நான் அங்கேதான் பார்க்கிறேன். வேலியோரத்து எருக்கை வெட்டாமல் விடலாம்.

ஆமணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வரப்பில் வைப்பது புரோடீனியா என்ற இலை தின்னும் புழுவின் தாய்ப்பூச்சியைக் கவர. இலையில் குவியலாக முட்டையிடும், இலையோடு கிள்ளி அழித்துவிடலாம். பலருக்கும் தெரியாதது, ஆமணக்கின் இலைக்காம்பில் மரு மாதிரி சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. பூக்காத காலத்திலும் அதில் தேன் கசியும். எறும்பும் குளவியும் நக்கிக்கொண்டிருக்கும். காராமணிக்கும் இதுபோலப் பூவுக்கு வெளியே தேன் உண்டு. எறும்பு வருவது எப்போதும் நல்லதில்லை. மாவுப்பூச்சி இருக்கும் இடத்தில் எறும்பு அதற்குக் காவலாளி வேலை பார்க்கும், பொறிவண்டை அண்ட விடாது.

இதெல்லாம் காய்கறிக்குத்தானா, நெல்லுக்கு ஆகுமா என்று பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்தில் நெல் போடுகிறவர்கள் கேட்பார்கள். நெல்லில்தான் மிகப் பெரிய சான்று இருக்கிறது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளில் நான்கு ஆண்டுகள் வரப்பில் எள் போன்ற தேன் உள்ள செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்தது, நெல் மகசூல் 5 சதவீதம் கூடியது. எள்ளுப் பூவில் தேன் குடித்த குளவியும், நெல்லின் சாற்றைக் குடிக்கும் புகையான் என்ற பூச்சியின் முட்டையை உறிஞ்சும் பச்சை நிற நாவாய்ப்பூச்சியும் கூடுதல் நாள் வாழ்ந்து கூடுதல் முட்டைகளை அழித்தன. புகையானுக்கு எள்ளுப் பூவால் ஒரு லாபமும் இல்லை. எதிரிக்கு மட்டும் சோறு போடுகிற செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது. நம்மூரில் நெல் வரப்பில் உளுந்தும் காராமணியும் ஊன்றுவது பழைய பழக்கம். இப்போது வரப்பையே கையகலத்துக்குச் சீவிவிட்டு அதிலும் களைக்கொல்லி அடிக்கிறோம்.

நெல் என்றதும் நம் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. திருவள்ளூர்ப் பக்கம் திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6 என்ற நெல் தண்டுத் துளைப்பானைத் தாங்குவதில் பேர்போனது. பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பெற்றோராக வைத்து ஐ.ஆர். 20 உண்டாக்கியது. நம் பாட்டிமார் உலையிலிட்ட அதே ஐ.ஆர். 20. அப்புறம் அதே டி.கே.எம். 6 வழியில் 1973-ல் ஐ.ஆர். 26 வந்தது, இது புகையானைத் தாங்கியது. தாங்குகிறது என்றதும் தென்கிழக்கு ஆசியாவில் கண்ணுக்கெட்டிய தூரம் அதையே நட்டார்கள். மூன்று நான்கு வருஷத்தில் அதையும் தின்னக் கற்ற புகையான் வந்துவிட்டது. விதை நல்ல விதைதான். எல்லா வயலிலும் அதே ஒன்று நின்றதால், அதை உடைக்கத் தெரிந்த பூச்சிக்கு நாடு முழுக்கத் திறந்த வாசலாகிவிட்டது. கலப்பு என்றால் வேறு வேறு செடி மட்டுமில்லை, ஒரே பயிரில் வேறு வேறு ரகமும் கலப்புத்தான். மருந்து இதில் நிலைமையை இன்னும் கெடுத்தது. சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்று புகையானுக்கு வழி விட்டது. 1986-ல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததன் பின்னணி அதுதான்.

இப்போது மறுபக்கம். செடி வகை கூடினால் நல்லது என்று எதையும் வளரவிடக்கூடாது. 2008-ல் கோவையில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் பரவியது. பயிரை வெட்டி எரித்தாலும் சாலையோரத்துப் பார்த்தீனியத்தில் உட்கார்ந்து காத்திருந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. மணலி, மாதவரம் பக்கம் காலி மனைகளில் எல்லாம் பார்த்தீனியம்தான். எருக்கை விடுங்கள் என்று சொன்ன நானே பார்த்தீனியத்தையும் துத்தியையும் பிடுங்குங்கள் என்கிறேன். மூன்றும் களை. ஒன்று உங்கள் பூச்சிக்குச் சோறு போடவில்லை, மற்றவை போடுகின்றன.

மகசூல் கணக்கையும் ஒளிக்க வேண்டாம். 2011-ல் டெபோரா லெட்டோர்னோவும் மற்றவர்களும் 552 சோதனைகளை ஒன்றாக்கிப் பார்த்ததில், கலப்பு வயலில் பூச்சி குறைந்தது, எதிரிப்பூச்சி கூடியது, பயிர்ச் சேதம் குறைந்தது. ஆனால் முக்கியப் பயிரின் மகசூலும் சற்றுக் குறைந்தது. துணைச்செடி முக்கியப் பயிரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம். முக்கால் ஏக்கரில் இடம் என்பது காசு. அதனால் துணைச்செடிக்கு வரப்பு, வாய்க்கால் கரை, வேலி ஓரம். உள்ளே வந்தால் அதுவும் விற்கிற பொருளாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை புழுதி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரம் நிலம் இருந்தால் முதல் நான்கு வரிசை இலையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தப் புழுதி சின்னக் குளவிகளையும் சிலந்திப்பேனைத் தின்னும் உண்ணிகளையும் முடக்கும். சிலந்திப்பேன் ஜோராகப் பெருகும். சாலையோரத்து வெண்டை இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகிறது என்றால் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். அந்த ஓரத்தில் மூன்று வரிசை சோளம் நெருக்கமாக விதைத்தால் புழுதிக்கும் திரை, பறந்து வரும் வெள்ளை ஈக்கும் வேகத்தடை. வெண்டைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விதைத்தால்தான் திரை உயரமாக நிற்கும். மக்காச்சோளம் வேண்டாம். 2018-ல் வந்த படைப்புழுவுக்கு நாமே விருந்து வைக்க வேண்டியதில்லை. பிறகு மிளகாய் போட்டால் இந்தச் சோள வேலியின் இன்னொரு பலனும் கிடைக்கும். தேமல் வைரஸை வாய்முனையில் ஒட்டிக்கொண்டு வரும் அசுவினி முதலில் சோளத்தைக் குத்திப் பார்க்கும், வைரஸ் அங்கேயே துடைத்துப் போய்விடும். வெண்டைத் தேமலில் இந்த வித்தை பலிக்காது. வெள்ளை ஈ அந்த வைரஸை உடம்புக்குள் சுமப்பதால் எத்தனை முறை குத்தினாலும் அது தீராது.

உங்கள் நிலத்தில் நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், மழை ஓய்ந்து தை பிறக்கும்போது வெண்டைக்கு இடமாகும் பகுதியைச் சுற்றிச் சோளமும் அதன் உள்பக்கம் காராமணியும் முதலில் விதைப்பேன். வெண்டை பின்னால் வரும், நடுவில் கொத்தமல்லி. புளிச்சகீரையை வெண்டைக்குப் பக்கத்தில் வைக்காமல் நிலத்தின் மறுகோடிக்கு அனுப்புவேன். முக்கால் ஏக்கரில் மறுகோடி ஒரு தூரமே இல்லை, வெள்ளை ஈ கடந்துவிடும். ஆனாலும் ஒட்டி நிற்பதைவிடத் தேவலை. மணத்தக்காளியைக் கத்திரிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கீரைப் பாத்திகளுக்கு இடையே ஒரு பாத்தி விட்டு ஒரு பாத்தி போடுவேன், வெந்தயக்கீரையும் அப்படியே. பட்டை அந்து எழுந்தால் அடுத்த இலை அதற்கு ஆகாத இலையாக இருக்க வேண்டும். கத்திரி வரிசைகளுக்கு நடுவிலும் கொத்தமல்லி. அப்படிப் போட்ட சோதனைகளில் தண்டு, காய்த் துளைப்பான் சேதம் குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. தொங்கிய கொழுந்தை வாரம் இரண்டு முறை கிள்ளி எரிப்பதை எந்தச் செடியும் உங்களுக்காகச் செய்யாது.

அரைக்கீரைதான் சிக்கல். அது நிற்கும்வரை அந்துக்கு நிழல் உண்டு, ஆனால் தினக்காசு தருவதும் அதுதான். வருஷத்தில் ஒரு தடவை, மூன்று வாரமாவது, இந்தக் குடும்பத்துக் கீரை எதுவுமே இல்லாமல் நிலத்தை விட முடிந்தால், அந்த இடைவெளியில் சாரணையையும் வழித்தெடுத்தால், அந்து நன்றாகக் குறையும். பக்கத்து நிலக்காரரும் கீரை போடுகிறவர் என்றால் அவரிடமும் பேசித்தான் செய்ய வேண்டும், அந்துக்கு வேலி தெரியாது.

அதற்கு முன் நாளைக் காலையில் பாத்திக்குள் ஒரு நடை நடந்து, எழும்புவது வெள்ளைப் பட்டை அந்துதானா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கீரைத் தண்டு ஆங்காங்கே வீங்கி, பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு சுருண்டிருந்தால் அது கூன்வண்டு. அதற்கு நான் மேலே சொன்ன பாத்தி மாற்றமெல்லாம் போதாது, அதைத் தனியாகப் பேசுவோம்.